நாற்பத்தோராவது ஆள்

தப்பு மேளச் சத்தம் கேட்டது. நான் ஓடினேன்.

மூன்று மைல் நடந்த களைப்பு, கையில் மடித்த கம்பளி, கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம். எதுவும் என்னைத் தடுக்கவில்லை. பனி மூடிய முற்றத்தில் ஆட்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். பின்வரிசைக் கடைசியில் ஓர் இடம் காலியாக இருந்தது. பாய்ந்து போய் அதில் நின்றுகொண்டேன். நின்றதோடு விட்டேனா? பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, வரிசை கோணுது" என்று அதட்டல் வேறு.

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கையில் பிரம்போடு காவல்கார வாச்சர் பியதாச வந்தான். ஒவ்வொரு தோளாகத் தட்டி எண்ணிக்கொண்டே வந்தான். முப்பத்தொன்பது. நாற்பது. என் தோளில் பிரம்பு விழுந்தது.

"நாப்பத்தொண்ணு. ஹரி, கணக்கு சரி!"

விறகு வண்டிக்காகத் திறந்திருந்த கதவை இழுத்து மூடினார்கள். பெரிய பூட்டு ஒன்று விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு நினைவு வந்தது. இது எங்கள் தோட்டத்துப் பெரட்டுக்களம் இல்லை. இது சிறை. நான் கைதியும் இல்லை. உள்ளே இருக்கும் மச்சானுக்குக் கம்பளி கொடுத்துவிட்டுப் போக வந்தவன்.

"ஐயோ" என்றேன். நல்ல கணீர்க் குரலில்தான் சொன்னேன். யாரும் திரும்பவில்லை. அங்கே அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை என்பது பிறகு தெரிந்தது.

கால்களைக் குற்றம் சொல்லாதீர்கள்

பட்டணத்து வாசகர்கள் சிரிப்பீர்கள். சிறைக்குள் ஓடிப்போய் வரிசையில் நிற்பவன் மனிதனா, ஆடா என்று கேட்பீர்கள். தோட்டத்தில் பிறந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். தப்புச் சத்தம் கேட்டால் கால் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும்.

விடியற்காலையில் தப்பு அடிக்கும். எல்லோரும் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டால் "ஐயா!" என்று கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் அன்றைக்குப் பேர் விழும், அதாவது அன்றைக்குச் சம்பளம் உண்டு. இரண்டு நிமிஷம் பிந்தினால் "லயத்துக்குப் போ!" என்று குடியிருப்புக்கே திருப்பி விரட்டுவார்கள். கெஞ்சிக் கூத்தாடினால், இரக்கம் வந்தால், அரைப்பேர் போடுவார்கள்.

பத்து வயதில் கொழுந்துக்கூடை தூக்கியதிலிருந்து தினமும் நான் கேட்ட முதல் சத்தம் அதுதான். ஆகவே அன்று ஓடியது நான் இல்லை, என் கால். பிந்தினால் விரட்டிவிடுவார்களே என்று அது பயந்தது. சிறையிலிருந்து விரட்டிவிடுவார்களோ என்று பயந்து ஓடிய ஒரே ஆள் இந்த இலங்கையில் நானாகத்தான் இருப்பேன்.

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். ஐம்பதுகளின் தொடக்கம். என் மனைவி செல்லாயி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்திரண்டோ மூன்றோ. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக்கொண்டிருந்தேன். ஹட்டனில் இப்போது நான் மிதிக்கும் தையல் மெஷின் எல்லாம் வெகு காலம் கழித்து வந்தது.

ஒழுகாத கூரை

அந்த இடம் வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து அரை மைல். பழைய தேயிலை ஸ்டோர், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலை. நட்டத்தில் மூடிக் கிடந்தது. பிரஜாவுரிமைக் கடதாசி இல்லாதவர்களைப் பஸ்ஸிலும் ரயிலிலும் பிடிக்கத் தொடங்கிய நாட்களில், பிடித்தவர்களை அடைக்க இடம் போதவில்லை. தற்காலிகமாக இந்த ஸ்டோரை எடுத்தார்கள். "கள்ளத்தோணி" என்று, களவாகக் கடல் தாண்டி வந்தவன் என்று, பெயர் வைத்தால் போதும், ஆளை உள்ளே போடலாம். என் மச்சான் காத்தமுத்து, செல்லாயியின் அண்ணன், பிறந்ததும் வளர்ந்ததும் எங்கள் லயத்தின் ஏழாம் காம்பராவில். அவர் தோணியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. நானுஓயா ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவரைக் கேட்டார்கள்: "கடதாசி எங்கே?" அவர் ரயில் டிக்கெட்டைக் காட்டினார். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இடம் அரசாங்கத்துடையது. நடத்தியது கொந்தராத்துக்காரர், அதாவது ஒப்பந்தம் எடுத்தவர். அந்தக் கொந்தராத்தை எடுத்தவர் யார் தெரியுமா? மாரப்பக் கங்காணி.

பழைய பெரிய கங்காணி அவர். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, வெள்ளிச் சங்கிலிக் கடிகாரம். ஒரு காலத்தில் தோட்டத்தில் அவர் ஆட்கள் எத்தனை பேர் பெரட்டுக்கு வருகிறார்களோ, அத்தனை தலைக்கும் அவருக்குத் தலைக்காசு. காய்ச்சலில் கிடப்பவனையும் இழுத்து வந்து நிறுத்துவார். தலை எண்ணி முடித்ததும் அவன் செத்தாலும் அவருக்குக் கவலை இல்லை. அந்த வழக்கம் ஒழிந்தபோது எங்கள் லயத்தில் பாயாசம் வைத்தார்கள்.

பாயாசம் செரிப்பதற்குள் ஆள் சிறைக்கு வந்துவிட்டார். இங்கேயும் தலைக்கு இவ்வளவு என்று கொந்தராத்து. சோறு அவர் போட வேண்டும், வாச்சர்மாரை அவர் வைக்க வேண்டும், அரசாங்கம் தலையை எண்ணிக் கொடுக்கும். மனுஷன் தொழிலை மாற்றவே இல்லை. தப்பைக்கூடத் தோட்டத்திலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் பழைய மாட்டுக் கொட்டகை. மழை பெய்தால் பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்பார்கள். நாலு தகரம் கேட்டு நானே மனு எழுதினேன். தோட்டத்துத் துரை சொன்னார்: "அது கவர்மெண்ட் வேலை." கவர்மெண்ட் ஆபீசில், அதுதான் கந்தோரில், சொன்னார்கள்: "அது தோட்டத்து வேலை. அதோடு நீங்கள் இந்த நாட்டுக் குடிகளும் இல்லை. உங்களுக்கு எப்படிப் பொதுப்பணத்தில் செலவு செய்வது?"

அந்த ஸ்டோருக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்கப் புத்தம்புதுத் தகரம். மாட்டியவன் கைரேகைகூட அழியவில்லை. புதிய முள்ளுக்கம்பி. சீமைப் பூட்டு. கொழுந்து வாட்டும் மாடியில், சாக்கு விரித்த தட்டுகளில், எங்களைக் கொழுந்துபோலப் பரப்பிப் படுக்கவைத்தார்கள். பழைய தேயிலைத் தூள் மூக்கில் ஏறும். வெளியே மழை கொட்டும். ஒரு சொட்டு உள்ளே விழாது.

என் வாழ்நாளில் ஒழுகாத கூரையின் கீழ் நான் முதன்முதலாகப் படுத்தது அங்கேதான். பிள்ளைகளுக்கு நாலு தகரம் இல்லாத நாட்டில், அவர்களுடைய தகப்பன்மாரைப் பூட்டிவைக்க நானூறு தகரம் இருந்தது.

"நீதான் வீரமுத்து"

வரிசை கலைந்ததும் ஓடிப்போய்க் கங்காணியின் மேசைக்கு முன்னால் நின்றேன். பணிவாகத்தான் நின்றேன். பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும், அது ஒரு வியாதி. அன்றைக்கும் வந்தது.

"கங்காணி ஐயா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங்க. நான் பழனியாண்டி. மச்சானுக்குக் கம்பளி குடுக்க வந்தேன். தெரியாம வரிசையில நின்னுட்டேன்."

"அதுக்கு எதுக்குடா பல்ல இளிக்கிறே?"

"பயத்துலங்க."

அவர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தையில் மாடு பார்க்கும் பார்வை.

"ஒனக்கு என்ன வயசு?"

"இருவத்திரெண்டுங்க."

"அவனுக்கும் அதேதான். ஒசரமும் சரிதான்." கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "நேத்துச் சாயந்தரம் ஒருத்தன் கூரைத் தண்ணி எறங்குற பீலியப் புடிச்சு எறங்கி ஓடிட்டான். வீரமுத்துன்னு பேரு. நாப்பத்தொண்ணுல ஒண்ணு கொறைஞ்சா கொந்தராத்தே போயிரும். காலையில என்னடா செய்யுறதுன்னு இருந்தேன். நீயா வந்து நின்னே. மகராசன்!"

"ஐயா, நான் அவன் இல்லீங்க."

"அவன் கெடைக்கிற வரைக்கும் நீதான் அவன்."

"ஐயா, வர்ற வியாழக்கிழமை நுவரெலியாவுல எனக்குப் பிரஜாவுரிமை விசாரணைங்க. நான் போவலைன்னா மனுவத் தள்ளிருவாங்க. எனக்கும் பொஞ்சாதிக்கும் பொறக்கப்போற பிள்ளைக்கும் அதுதாங்க."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"இன்னிக்கு வெள்ளி. இன்னும் ஆறு நாள் கெடக்கு. அதுக்குள்ள அவனப் புடிச்சிருவோம். நீ போய்க் கஞ்சி குடி."

பியதாசவிடம் ஓடினேன். அவன் நல்லவன். ஆனால் அவன் சம்பளமும் கங்காணியின் மடியில்தான் இருந்தது. "மம மொக்கத கரன்னே, பளனி?" என்றான். நான் என்ன செய்ய என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நான் வாழ்க்கை முழுக்கக் கேட்டிருக்கிறேன்.

மாடியில் காத்தமுத்து மச்சான் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன மாப்ள, ஒன்னையும் புடிச்சுட்டாங்களா?"

"இல்ல மச்சான். நானே வந்து நின்னுட்டேன்."

கம்பளியைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் ஒரு நிமிஷம் முகத்தைக் கம்பளிக்குள் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால், தட்டே ஆடும்படி சிரிக்கிறார்.

வேலிக்கு அந்தப் பக்கம்

திங்கட்கிழமை செல்லாயி வந்தாள். ஐந்தாறு மாத வயிற்றோடு, மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, நடந்தே வந்திருந்தாள். முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள். பேசத் தொடங்கியவள் நிறுத்தவில்லை.

"கம்பளி குடுத்துட்டு வாறேன்னுதானே போனீங்க? மூணு நாளா எங்கண்ணனோட விருந்தாடுறீங்களா?"

"சத்தம் போடாத புள்ள. வரிசையில நின்னுட்டேன்."

"எந்த வரிசையில?"

"இந்த வரிசையிலதான்."

"கைதிங்க வரிசையிலயா? வரிசைன்னு ஒண்ணப் பாத்தா போய் நின்னுக்கிறதா? நாளைக்குப் பாடை தூக்குற வரிசையில போய் நிப்பீங்களா?"

பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வாசலில் போய், "என் புருஷன் பழனியாண்டிய விடுங்க" என்று கேட்டாள். பியதாச பட்டியலை எடுத்தான். மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தான். "பளனியாண்டி நே. அந்தப் பேர்ல ஆள் இல்ல, அம்மே" என்றான். நான் பத்தடி தூரத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

விசாரணைக் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. லயத்தில் வைத்தால் ஒழுகி நனைந்துவிடும் என்று எங்கே போனாலும் கூடவே கொண்டுபோவேன். அதை வெளியே எடுத்தேன். இது என்னிடம் இருந்தால், தலை எண்ணிப் பார்க்கப் புதன்கிழமை வரப்போவதாகச் சொன்ன அரசாங்கப் பெரிய அதிகாரியிடம் காட்டி நான் யார் என்று சொல்லலாம். அவளிடம் கொடுத்தால், நான் போகாவிட்டாலும் வியாழக்கிழமை அவளாவது போய்க் காட்டலாம். கொடுத்தேன், பிடுங்கினேன், மறுபடி கொடுத்தேன். கம்பியில் மாட்டி ஒரு மூலை கிழிந்தது.

"எங்கிட்டயே இருக்கட்டும்" என்று வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "நீங்க புதன்கெழமை வர்ற அந்த ஐயாகிட்ட வாயத் திறந்து சொல்லுங்க. வாய் இருக்குல்ல?"

வாய் இருந்தது. அதுதான் பிரச்சினை.

நானாவின் சிக்கனம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். போன வாரம் என் கடையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

எதிர்க்கடை சாஹுல் நானா நல்ல மனுஷர். லுங்கிச் சாரம் விற்கிறார், நான் அதற்கு ஓரம் அடிக்கிறேன். பேப்பரைக் கொண்டுவந்து மெஷின்மேல் போட்டார். சிறைச்சாலைகளுக்குப் பணம் போதவில்லையாம். இன்னும் கட்ட வேண்டுமாம். சாப்பாடு, காவல் எல்லாவற்றையும் தனியாருக்கு விட்டால் நல்லது என்று யாரோ பேசியிருக்கிறார்.

"அதுதான் சரி" என்றார் நானா. "கவர்மெண்ட் செஞ்சா விரயம். யாவாரி கையில குடுத்தா சிக்கனம். யாவாரம்னா என்னான்னு எனக்குத் தெரியாதா?"

"நானா, நீங்க சாரம் விக்கிறீங்க. நெறைய வித்தா நெறைய லாபம். சரிதானே?"

"சரிதான்."

"அந்த யாவாரி என்ன விக்கிறான்?"

நானா பேப்பரை மடித்தார்.

சரி, அரசாங்கமே நடத்தினால் நன்றாக இருக்குமா என்று யாராவது கேட்கலாம். ஐயா, நான் இரண்டையும் ஒரே முற்றத்தில் பார்த்தவன். கொந்தராத்துக்காரருக்குத் தலை குறையக் கூடாது. அதிகாரிக்குக் கணக்கில் பிழை வரக் கூடாது. அந்தத் தலைக்குக் கீழே ஒரு முகம் இருக்கிறது என்று பார்க்க வேண்டிய தேவை இரண்டு பேருக்குமே இல்லை. சிக்கனம் எப்படி நடந்தது என்றும் சொல்கிறேன். காலையில் சீனி இல்லாத தேயிலைச் சாயத்தண்ணி. மத்தியானம் கல்லுச் சோறு, பருப்புத் தண்ணி. பகலெல்லாம் பக்கத்துச் சரிவில் கங்காணியின் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டினோம். எங்கள் சாப்பாட்டில் தினமும் உருளைக்கிழங்கு உண்டு என்று வாசலில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்தது. நாங்கள் கிண்டிய கிழங்கை நுவரெலியா மார்க்கட்டில் யாரோ சாப்பிட்டார்கள்.

என் வாய்

புதன்கிழமை பெரிய அதிகாரி வருகிறார் என்று முற்றத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தோம். அன்றைக்கு மட்டும் சோற்றில் கருவாடு வாசம் வந்தது.

காலையிலிருந்து மச்சான் எனக்குச் சிங்களப் பாடம் நடத்தினார். "மம வீரமுத்து நெமெய், மஹத்தயா. நான் வீரமுத்து இல்லைங்க ஐயா. சொல்லு மாப்ள." சொன்னேன். சுண்ணாம்பு அடித்துக்கொண்டே சொன்னேன், கல் பொறுக்கிக்கொண்டே சொன்னேன். நூறு தடவை சொல்லியிருப்பேன். நாக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பயப்படுவியா?"

"ஒரு பயமும் இல்ல மச்சான்" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதிகாரி வந்தார். கூட ஒரு தமிழ்க் கிளாக்கர். முதலில் பூட்டுகளை எண்ணினார். வாளிகளை எண்ணினார். லாந்தர்களை எண்ணினார். கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டினார். கடைசியில் எங்களிடம் வந்தார்.

தப்பு அடித்தது. வரிசையில் நின்றோம். அவர் என் முகத்துக்கு நேரே வரும்போது ஓரடி முன்னால் வந்து சொல்லிவிடுவது என்று மனதுக்குள் ஒத்திகை.

மாரப்பக் கங்காணி முப்பது வருஷம் ஆள் மேய்த்தவர். என் முகத்தை ஒருதரம் பார்த்தார். எல்லாம் தெரிந்துவிட்டது. பட்டியலைக் கையில் எடுத்தார். வரிசைப்படி கூப்பிடாமல், பழைய பெரட்டுக்களத்துக் குரலில், இடி இடித்தமாதிரி முதல் பேரைக் கூப்பிட்டார்.

"வீரமுத்து!"

"ஐயா!"

கையும் தூக்கியாகிவிட்டது.

யாருடைய குரல் அது என்று ஒரு கணம் தேடினேன். நாற்பத்தொரு பேரில் அதுதான் அன்றைக்கு மிகச் சிறந்த குரல். பக்கத்தில் மச்சான், "அடப் பாவி" என்று முணுமுணுத்தார்.

அதிகாரி தன் கையிலிருந்த பட்டியலில் ஒரு கோடு போட்டார்.

அதற்குப் பிறகு கத்தினேன். "மம வீரமுத்து நெமெய், மஹத்தயா!" சரியாகத்தான் சொன்னேன், ஒரு சொல் பிசகவில்லை. தமிழிலும் சொன்னேன். வியாழக்கிழமை விசாரணையைச் சொன்னேன். செல்லாயியின் வயிற்றைச் சொன்னேன்.

அதிகாரி கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் என்னைப் பார்த்தார். "ஏன்டா, இப்பத்தானே அந்தப் பேருக்குக் கை தூக்கினே?"

"அது கை தானாத் தூக்கிச்சுங்க."

அதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி சிரித்தார். கங்காணியும் மரியாதைக்காகச் சிரித்தார். அதிகாரி வரிசையை எண்ணினார். நாற்பத்தொன்று. பட்டியலிலும் நாற்பத்தொன்று. பெயரில் பிழை இருந்தால் தலைமைக் கந்தோருக்கு மனு எழுதும்படி சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பல வருஷம் என் வாயைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது திட்டுவதில்லை. அந்த "ஐயா"வை என் தொண்டைக்குள் வைத்துத் தைத்தவர்கள் யார்? பத்து வயதிலிருந்து தினமும் விடியற்காலையில் தைத்தார்கள். நான் தையற்காரன். ஒரு தையலைப் பார்த்தால் எத்தனை வருஷத்து வேலை என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தேன். ஈரமண்ணின் வாசம். கீழே வட்டகொடை ஸ்டேஷனில் நானுஓயா ரயில் கூவியது. நுவரெலியாவுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும்; அதில் செல்லாயி ஏறியிருப்பாள். புகை மலை வளைவில் மறையும் வரை பார்த்தேன். "வேலையப் பாருடா வீரமுத்து" என்று ஒரு வாச்சர் கத்தினான். குனிந்து கிண்டினேன்.

ஆள் கூட

சனிக்கிழமை காலை, இறம்பொடையில் அக்கா வீட்டு அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டிருந்த வீரமுத்துவைப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

என்னைவிட ஒல்லி. நடுங்கிக்கொண்டிருந்தான். வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்றான். "என் எடத்துல நின்னது நீங்களாண்ணே? மன்னிச்சுக்கங்க" என்றான். அவன்மேல் கோபப்பட எட்டு நாளாக நல்ல நல்ல வசவெல்லாம் சேர்த்துவைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தள்ளி நின்று இடம் கொடுத்தேன்.

பிரம்பு தட்டிக்கொண்டே வந்தது. "நாப்பத்திரெண்டு" என்றான் பியதாச.

கங்காணி எழுந்தார். பட்டியலில் இல்லாத தலைக்கு அரசாங்கம் கொடுக்காது. பட்டியலில் இல்லாத வயிற்றுக்கு அவரும் போடமாட்டார். நேரே என்னிடம் வந்தார்.

"ஆள் கூட, ஒண்ணு அதிகம்! ஒனக்கு இன்னிக்குப் பேர் இல்ல. லயத்துக்குப் போடா!"

கதவு திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், "அரைப்பேராவது போடுங்க ஐயா" என்று கேட்க என் வாய் திறந்துவிட்டது. மச்சான்தான் பின்னாலிருந்து ஓர் உதை விட்டார்.

துரையின் கடிதம் வந்து மச்சான் இரண்டு மாதத்தில் வெளியே வந்தார். வீரமுத்துவைத் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டதாகக் கேள்வி. அவன் பிறந்தது இறம்பொடை.

நான் லயத்துக்கு வந்தபோது செல்லாயி காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தாள். கடிதம் மடியில் கிடந்தது.

"போனேன். காட்டினேன். 'புருஷன் எங்கே'ன்னாங்க. 'வட்டகொடையில ஒங்க செயில்லதான் இருக்காரு'ன்னேன். அங்க போன் பண்ணிக் கேட்டாங்க. அந்தப் பேர்ல யாருமே இல்லையாம். 'பொய் சொல்லாத'ன்னு சொல்லிட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தச் சொல்ல? அழுதேன். அழுறதுக்கு வெளியில வேற எடம் காட்டினாங்க."

மனு தள்ளுபடியானது. காரணம்: மனுதாரர் வரவில்லை. நான் சிறையில் இருந்ததால்தான் வரவில்லை என்று எழுதினேன். அதற்கு அத்தாட்சி கேட்டார்கள். சிறைக்கு எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது, நல்ல தடித்த கடதாசியில், அரசாங்க முத்திரையோடு. பழனியாண்டி என்ற பெயருடைய எவரும் எக்காலத்திலும் அங்கே வைக்கப்படவில்லை.

இந்த நாடு எனக்காகப் பொதுப்பணத்தில் செலவு செய்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. எட்டு நாள் சோறு, ஒரு தட்டு, ஒழுகாத கூரை. அதுவும் என் பெயரில் இல்லை.

அந்தப் பதிலை இன்னும் வைத்திருக்கிறேன். கோட்டுக்குள் அதற்கென்றே ஒரு பை தைத்திருக்கிறேன். இப்போது இரண்டு நாட்டுப் பெரியவர்களும் எங்களைப் பங்கு போட்டிருக்கிறார்கள். இந்தியாவா, இலங்கையா என்று படிவம் நிரப்ப வேண்டுமாம். கந்தோர் வாசலில் விடியும் முன்பே ஆள் நிற்கிறது என்று சொன்னார்கள்.

"போய் நில்லுங்க" என்றாள் செல்லாயி. "ஆனா மொதல்ல அது என்ன வரிசைன்னு கேட்டுட்டு நில்லுங்க."

நேற்றுப் போய்க் கேட்டேன். முன்னால் நின்றவருக்குத் தெரியவில்லை. அவருக்கு முன்னால் நின்றவருக்கும் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒருவர் வெளியே வந்து, கையில் இருந்த தாளைப் பார்த்து, உரத்த குரலில் ஏதோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்.

இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன். எனக்கு முன்னும் பின்னும் பதினைந்து கைகள் உயர்ந்தன.